சின்னப் பரு

நான் படித்த நாவல்களில் வரும் பெண்களுக்கு எல்லா வியாதியும் வந்திருக்கிறது. காச நோய் வந்து இருமியிருக்கிறார்கள். டைபாயிடு ஜுரத்தில் பிதற்றியிருக்கிறார்கள். அம்மை வார்த்து முகமெல்லாம் தழும்பாகி, அதைக் கொண்டு காதலனுடைய அன்பு மெய்யா பொய்யா என்று சோதித்துப் பார்க்கும் பாக்கியமும் சிலருக்குக் கிட்டியிருக்கிறது. ஆனால் முகப்பரு வந்த ஒரு கதாநாயகியை நான் இதுவரை சந்தித்ததில்லை. கன்னம் ரோஜா, நெற்றி பிறை, முகம் முழுமதி. சந்திரனுக்கே முகத்தில் களங்கம் உண்டு என்பதைக்கூட மறந்துவிட்டு எழுதுகிறோம்.

காரணம் இல்லாமல் இல்லை. பரு என்பது சோகத்துக்கும் போதாது, ஹாஸ்யத்துக்கும் போதாது. அதனால் யாரும் செத்துப் போவதில்லை. ஊரார் இரண்டு வார்த்தை கேலி பேசுவார்கள். பெரியவர்கள், "வயசு அப்படி, தானாய்ப் போயிடும்" என்பார்கள். அத்துடன் சங்கதி முடிந்தது. யாருக்கு முடிந்தது என்று கேட்டால், பார்க்கிறவர்களுக்கு முடிந்தது. முகத்தில் வைத்துக்கொண்டு நடமாடுகிறவளுக்கு அது காலையில் கண்ணாடி முன் தொடங்கி, ராத்திரி தலையணையில் கன்னம் பட்டு வலிக்கும்வரை முடிவதில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். என் அக்காளுக்கு லால்குடிக்கு அப்பால் ஒரு கிராமம். அவளுடைய பெண் பத்தாவது தேறியதும், மேலே படிக்கப் பட்டணத்துப் பள்ளிக்கூடம்தான் சரி என்று, 2022 ஜூனில் திருச்சியில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். வீட்டில் எல்லாருக்கும் அவள் 'பாப்பா'தான். பதினாறு வயசுப் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிடலாமா என்று அவளே சண்டை போட்டுப் பார்த்து, தோற்றுப்போனவள். வாயாடி. மேடையில் ஏற்றிவிட்டால் மைக்கைப் பிடுங்கித்தான் இறக்க வேண்டும். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் வாங்கிய எவர்சில்வர் கிண்ணங்களே ஒரு பெட்டி நிறைய இருந்தன. எங்கள் வீட்டில் இப்போது சாம்பார் ஊற்றுவதெல்லாம் அவற்றில்தான்.

ஆடி மாசத்தில் நெற்றியில் நாலைந்து வந்தன. புரட்டாசிக்குள் கன்னம் இரண்டும், தாடையோரமும். தீபாவளிக்குப் புதுத் துணி உடுத்திக்கொண்டு எல்லாரும் போட்டோ எடுத்துக்கொள்ள நின்றபோது, பாப்பா "நான் எடுக்கிறேன் சித்தி, நீங்கள்லாம் நில்லுங்க" என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். ரொம்ப நல்ல பெண் என்று எல்லாரும் மெச்சினார்கள். எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. போட்டோவில் நடுவில் நிற்பதற்காக அழுது புரண்ட குழந்தை அவள்.

அப்புறம் கவனிக்கத் தொடங்கினேன். பேசும்போது இடது உள்ளங்கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடும். நெற்றியை மறைத்து மயிரை முன்னால் இழுத்து விட்டுக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சியிலிருந்து கடைசிக்கு மாறிவிட்டாள் என்று அவளுடைய சிநேகிதி வாய் தவறிச் சொன்னாள். கார்த்திகையில் மாவட்டப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி ஆசிரியை அனுப்பிய காகிதம் அவள் புஸ்தகத்துக்குள் மடித்தபடியே கிடந்தது. கேட்டதற்கு, "தொண்டை கட்டியிருக்கு சித்தி" என்றாள். அன்று காலையில்தான் குளிக்கும் அறையில் பாட்டுப் பாடிக் கூரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்குள் வீட்டில் உள்ளவர்கள் அத்தனை பேரும் வைத்தியராகிவிட்டார்கள். பருவைப் போல ஆளுக்கொரு வைத்தியம் சொல்லும் வியாதி வேறு கிடையாது. ஜலதோஷத்துக்குக்கூட இத்தனை இல்லை. "எல்லாம் உடம்புச் சூடு, சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லு" என்றார் எதிர்வீட்டு அம்மாள். "முறுக்கையும் மிக்சரையும் நிறுத்தினால் முகம் பளிங்காகிவிடும்" என்றார் என் கணவர், அதே மிக்சரைக் கொறித்துக்கொண்டே. பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் முந்தானையில் முடிந்து திருநீற்றுப் பச்சிலை கொண்டுவந்தாள். அதன் சாற்றில் வசம்பைப் பொடித்துக் குழைத்துத் தடவ வேண்டுமாம். ஊரிலிருந்து வந்த ஒரு பெரியப்பா, "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்க, மறு மாசம் ஒண்ணு இருக்காது" என்று சொல்லிவிட்டு, தாமே பிரமாதமாகச் சிரித்தார். பாப்பா அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

இன்னொரு ரகத்தாரும் உண்டு. இவர்கள் வைத்தியம்கூடச் சொல்வதில்லை. கல்யாண வீட்டில் எதிரே வந்து நின்று, "ஐயோ, முகத்துக்கு என்னடி ஆச்சு?" என்று கேட்பார்கள். அவளுக்கே தெரியாத ஒரு செய்தியைத் தந்தியில் கொண்டுவந்து சேர்த்தது போல! அப்படிக் கேட்டவரிடம் திரும்பி, "உங்கள் தலைமுடிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கல்யாண வீடாயிற்றே என்று விழுங்கிக்கொண்டேன்.

வைத்தியர்களுக்குள் தலைமை வைத்தியர் என் மாமியார். அவருடைய மருந்து சங்கு. குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கல்ல, கடல் சங்கு. அவருடைய தாய்வீட்டிலிருந்து வந்தது. உரைத்து உரைத்து ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்து போயிருக்கும். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் முற்றத்தில் சந்தனக் கல்லை வைத்துக்கொண்டு உட்காருவார். இரண்டு சொட்டுப் பன்னீர் விட்டு, சங்கைப் பிடித்து வட்டமாக உரைப்பார். கர்ரக், கர்ரக் என்று அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்கும். கல்லில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒரு விழுது சேரும். சில நாள் அதனோடு ஜாதிக்காயும் ஒரு இழைப்பு. சில நாள் ரத்த சந்தனம். "ஏ பாப்பா, இங்க வாடி" என்று கூப்பிட்டு, மடியில் தலையைச் சாய்க்கச் சொல்லி, மோதிர விரலால் ஒவ்வொரு பருவின் மேலும் ஒரு பொட்டு வைப்பார். முடிந்து எழுந்தால் வானத்து நட்சத்திரங்கள் மாதிரி இருக்கும் அவள் முகம்.

இதனால் பயன் உண்டா என்று பிற்பாடு விசாரித்துப் பார்த்தேன். சங்கு என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கல்லின் இனம். மேலே கசிந்திருக்கும் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிக்கொள்ளும். பரு சற்று வாடின மாதிரி தெரியும். பரு உண்டாகிற இடம் தோலின் மேற்பரப்பில் இல்லை, உள்ளே மயிர்க்காலில் இருக்கிறது. அதுவரை சங்கு போகாது. மஞ்சளும் வேப்பிலையும் கிருமியை ஓரளவு அடக்கும் என்பதற்குச் சோதனைக் குழாயில் சாட்சி இருக்கிறது. முகத்தில் அரைத்துப் பூசி ஒழுங்காகப் பரீட்சை பண்ணிப் பார்த்தது கொஞ்சம்தான். ஆஸ்திரேலியாவில் டீ ட்ரீ என்றொரு மரத்தின் எண்ணெயை, அந்த ஊர்ப் பாட்டி வைத்தியம் என்றே வைத்துக்கொள்ளுங்களேன், 1990-இல் 124 பேரிடம் பரீட்சித்தார்கள். நூற்றுக்கு ஐந்து பங்கு கலந்த அந்த எண்ணெய், டாக்டர்கள் கொடுக்கிற மருந்தைவிட மெதுவாக, ஆனால் நிஜமாகவே வேலை செய்தது. நம் வசம்பையும் திருநீற்றுப் பச்சிலையையும் அந்த மாதிரி உட்கார்த்திவைத்து யாராவது கேள்வி கேட்டால் நன்றாக இருக்கும்.

ஆனாலும் சங்கை நான் நிறுத்தவில்லை. ஒரு நாள் ராத்திரி, விழுது காய்வதற்காகப் படுத்திருந்தபோது, பாப்பா கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "எல்லாரும் என்கிட்டப் பேசறப்போ என் கண்ணைப் பார்க்கறதில்லை சித்தி, கன்னத்தைத்தான் பார்க்கறாங்க. பாட்டிதான் கண்ணைப் பார்த்துப் பேசுது."

அவளே தொட விரும்பாத முகத்தை அந்தக் கிழவிதான் தினமும் தொட்டுக்கொண்டிருந்தாள்.

சங்கு ஒன்றும் கெடுக்கவில்லை. கெடுத்தவை வேறு. கைப்பேசியில் ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தாளாம், எலுமிச்சம்பழச் சாற்றில் சமையல் சோடா கலந்து தேய்த்தால் மூன்று நாளில் பரு மறையும் என்று. எலுமிச்சைச் சாறு கடும் புளிப்பு. சோடா அதற்கு நேர் எதிரான காரம். நம் தோலோ மிதமான புளிப்பில் இருப்பதையே விரும்புகிறது. போதாததற்கு, எலுமிச்சை இனத்துப் பழங்களில் உள்ள சில பொருள்கள் தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால், தீயில் சுட்டது போலப் புண்ணாகிக் கறுத்துப் போகும். திருச்சி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு நாள் தேய்த்தாள். பரு அப்படியே இருந்தது. அதைச் சுற்றிக் கறுப்பு மட்டும் புதிதாக வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் பற்பசையைத் தடவிக்கொண்டு படுத்து, காலையில் கன்னம் வெந்து எழுந்த கதையும் அந்த மாசம்தான்.

இவையெல்லாம்கூடச் சின்ன விபத்துக்கள். பெரியது மார்கழியில் வந்தது.

மார்கழி நடுவில் பாப்பாவின் முகம் திடீரென்று தெளிந்துவிட்டது. பத்தே நாளில் பருக்கள் அமுங்கி, நிறம்கூட ஒரு மாற்றுக் கூடியிருந்தது. மாமியார் சங்குக்கு ஜே போட்டார். பாப்பா பழையபடி பேசினாள், சிரித்தாள். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். பொங்கலுக்கு அவள் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தபோது பார்த்தேன். முகம் சந்தோஷப்படும்படி இல்லை. கன்னங்கள் இரண்டும் சிவந்து, தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து, உள்ளே நூல் நூலாக ரத்த நாளம் தெரிந்தது. வெயிலில் நின்றால் எரிகிறது என்றாள். பருக்கள் முன்னைவிட இரண்டு பங்காகச் சீழ் கட்டி நின்றன.

கண்டிக்காமல் மெல்லக் கேட்டேன். பெட்டியின் அடியிலிருந்து ஒரு டியூபை எடுத்துக் கொடுத்தாள். வகுப்புத் தோழி ஒருத்தி, ஒரு மருந்துக் கடையில் 'முகத்துக்கு' என்று கேட்டு வாங்கியது. இவளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாள். கடைக்காரர் யாரையும் எதையும் விசாரிக்கவில்லை. ஊருக்குப் போகிற அவசரத்தில் டியூபை மறந்து இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பூச்சு நின்ற ஐந்தாம் நாளே முகம் இப்படி வெடித்துவிட்டது.

டியூபின் மேல் எறும்பு எழுத்தில் இருந்ததைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். மூன்று மருந்துகள் கலந்தது. ஒன்று நிறத்தை வெளுக்கிறது, ஒன்று தோலை உரிக்கிறது, மூன்றாவது ஸ்டீராய்டு. காலேஜில் இரண்டு வருஷத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டவள் நான். வைத்திய சாஸ்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கடைசிப் பெயரும், 'டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது' என்ற எச்சரிக்கையும் போதுமானதாக இருந்தது. இந்த இனத்துப் பூச்சு மருந்துகளில் பதினான்கை, டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலில் மத்திய சர்க்கார் 2018-இல் சேர்த்தது. சட்டம் புஸ்தகத்தில் இருக்கிறது. டியூப் கடைப்பலகையில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை போலிருக்கிறது.

மறுநாளே தோல் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். ஐம்பது வயசு அம்மாள். டியூபைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். "இந்த வாரத்தில் நீ நாலாவது ஆள் அம்மா" என்றார். திட்டவில்லை. ஸ்டீராய்டு பூசினால் முதலில் சிவப்பும் வீக்கமும் மந்திரம் போட்டது போல அடங்கும். அதனால்தான் எல்லாரும் ஏமாந்து போகிறார்கள். உள்ளே தோல் மெலிந்துகொண்டே போகும். மயிர்கூடக் கன்னத்தில் முளைக்கும். நிறுத்தின உடனே அடங்கியதெல்லாம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும். வந்ததைப் பார்த்துப் பயந்து மறுபடி பூசுவார்கள். வருஷக் கணக்கில் இப்படி அடிமையாகிப் போனவர்கள் உண்டாம்.

"சோப்புப் போட்டு நாள் முழுக்கத் தேய்க்கிறாயா?" என்று டாக்டர் கேட்டார்.

பாப்பா தலையை ஆட்டினாள். "எட்டுத் தடவை டாக்டர். அழுக்குத்தானே காரணம்?"

"யார் சொன்னது?" என்று அவர் ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட்டார். அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மயிர்க்கால் ஒரு சின்னக் கிணறு. அதன் பக்கத்தில் எண்ணெய் சுரக்கும் பை. வயசு வந்ததும் உடம்பில் ஊறும் ஆண் சுரப்புகள் (பெண்களுக்கும் அவை கொஞ்சம் உண்டு) அந்தப் பையை முடுக்கிவிடுகின்றன. எண்ணெய் அதிகமாகிறது. கிணற்றுச் சுவரிலிருந்து உதிரும் செத்த தோல் எண்ணெயோடு சேர்ந்து அடைப்பாகிறது. எல்லார் முகத்திலும் சாதுவாகக் குடியிருக்கும் ஒரு கிருமி, கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்று அதற்குப் பெயர், அடைப்புக்குள் பெருகுகிறது. உடம்பு அதை எதிர்த்துப் படையெடுக்கிறது. சிவப்பு, வீக்கம், சீழ் எல்லாம் அந்தச் சண்டையின் அடையாளங்கள். மூக்கின் மேல் தெரியும் கரும்புள்ளிகூட அழுக்கல்ல. அடைப்பின் வாய் திறந்திருப்பதால் அதிலுள்ள நிறப்பொருள் காற்றுப் பட்டுக் கறுக்கிறது. எட்டுத் தடவை அல்ல, எண்பது தடவை கழுவினாலும் கிணற்றுக்குள் சோப்பு இறங்காது. தோல்தான் வறண்டு எரியும். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, மென்மையான சோப்பு, போதும் என்றார்.

பாப்பா அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் அசுத்தமானவள் என்று ஐந்து மாசமாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் இரண்டு மாசம் கெட்டதைச் சரிப்படுத்தவே போயிற்று. ஸ்டீராய்டை விட்டதனால் வந்த எரிச்சலுக்குச் சில வாரம் மாத்திரை; மற்றபடி மெல்லிய ஈரக் களிம்பும், வெயில் காப்புக் களிம்பும் மட்டும். அதற்கப்புறம்தான் வீட்டிலேயே செய்துகொள்ளும் நிஜமான வைத்தியம் ஆரம்பமாயிற்று. அதில் இருந்தது இரண்டே மருந்து. காலையில் பென்சாயில் பெராக்சைடு, 2.5 சதவீதம். கடையில் ஐந்தும் பத்தும்கூட இருக்கிறதே என்று கேட்டேன். பத்துக்கும் இரண்டரைக்கும் குணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, எரிச்சலில்தான் வித்தியாசம் என்றார். ராத்திரி அடாபலீன், 0.1 சதவீதம், அடைப்பே உண்டாகாமல் தடுப்பது. அமெரிக்காவில் 2016-இலிருந்து இதைச் சீட்டில்லாமலே விற்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஆகாது. முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு. பருவின் மேல் பொட்டு வைப்பதல்ல, முகம் முழுக்கப் பூச வேண்டும். ஏனென்றால் இன்றைக்குத் தெரிகிற பருவுக்காக அல்ல, இன்னும் வராத பருவுக்காகத்தான் அந்த மருந்து. மாமியாருக்கு இது பிடிக்கவேயில்லை. "நோய் இல்லாத இடத்துக்கு மருந்து எதுக்கு?" என்றார். கேள்வி நியாயமானதுதான், டாக்டரிடம் போகாவிட்டால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

இந்த வைத்தியத்தில் கஷ்டமானது பொறுமைதான். முதல் மூன்று வாரம் முகம் வறண்டு உரிந்தது. பரு கொஞ்சம் கூடக்கூட ஆயிற்று. எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பிழைத்தோம். மூன்று நாள், ஏழு நாள் என்று வாக்குக் கொடுப்பவர்களுக்கு நடுவில் பன்னிரண்டு வாரம் என்று சொல்கிற ஒருத்தரை நம்புவதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது. நாட்காட்டியில் பாப்பா ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டு வந்தாள்.

இடையில் ஒரு தமாஷ். மாமியாருடைய மெரூன் நிறத் தலையணை உறையில் ஒரு நாள் வெள்ளை வெள்ளையாகத் திட்டுக்கள். வண்ணானையும் சோப்பையும் சபித்துத் தீர்த்த பிற்பாடுதான் தெரிந்தது, பென்சாயில் பெராக்சைடு சாயத்தை வெளுத்துவிடும் என்று. பாப்பா அந்தத் தலையணையில் மத்தியானம் தூங்கியிருக்கிறாள். அதற்கப்புறம் வீட்டில் அவளுக்கு மட்டும் வெள்ளை உறை, வெள்ளைத் துண்டு.

சாப்பாட்டு விஷயத்தில் என் கணவருக்குப் பாதி வெற்றி என்று சொல்ல வேண்டும். 1969-இல் அமெரிக்காவில் ஒரு பரீட்சை நடத்தி, சாக்லேட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தமில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதற்குப் பண உதவி செய்தது சாக்லேட் உற்பத்தியாளர் சங்கம் என்பதையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். பாப்புவா நியூகினியில் கிட்டாவா என்று ஒரு தீவு. அங்கே 1,200 பேரைப் பரிசோதித்ததில் ஒருவருக்குக்கூடப் பரு இல்லை என்று 2002-இல் எழுதினார்கள். அவர்கள் சாப்பிடுவது கிழங்கு, பழம், தேங்காய், மீன். 2007-இல் ஆஸ்திரேலியாவில் 43 வாலிபர்களை வைத்துப் பன்னிரண்டு வாரம் பார்த்ததில், ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத சாப்பாடு சாப்பிட்டவர்களுக்குப் பரு குறைந்தது. ஆகவே குற்றவாளி முறுக்கின் எண்ணெய் என்பதைவிட, சர்க்கரையும் மைதாவும் என்பதே பொருத்தம். பாலும் சிலருக்குக் காரணமாகலாம் என்கிறார்கள்; அது இன்னும் வழக்கில் இருக்கிறது. பாப்பா குளிர்பானத்தை விட்டாள். முறுக்கை விடவில்லை. மிக்சரை என் கணவரும் விடவில்லை.

பெரிய யுத்தம் தலை எண்ணெயில்தான் வந்தது. நெற்றியில் உள்ள பொடிப் பருக்களைத் தடவிப் பார்த்து, "தினம் தேங்காயெண்ணெய் வழிய வழிய வைக்கிறீர்களா?" என்று டாக்டர் கேட்டார். தலையில் தடவும் எண்ணெயும் பசையும் நெற்றிக்கு இறங்கி மயிர்க்காலை அடைப்பதனால் வரும் பருவுக்குத் தனிப் பெயரே உண்டாம். 1970-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இதை வீட்டில் வந்து சொன்னேன். மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எண்ணெய் வைக்காத தலை எங்க வீட்டில இருந்ததில்லை" என்றார். மூன்று நாள் என்னோடு அளந்துதான் பேசினார். கடைசியில் சமாதான உடன்படிக்கை: ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய், ஒரு மணி நேரத்தில் சீயக்காய், மற்ற நாட்களில் மயிரை நெற்றியில் விழாமல் இழுத்துக் கட்டுவது. நெற்றிதான் எல்லாவற்றுக்கும் முன்னால் தெளிந்தது. மாமியார் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் கிண்ணம் பாதியளவுதான் நிறைந்திருந்தது.

கிள்ளுவதைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. பரு வந்தவர்கள் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். நகத்தால் நசுக்கினால், வெளியே வருவது பாதி, உள்ளே வெடிப்பது பாதி. குழி விழுவது அதனால்தான். நம்முடையது போன்ற மாநிறத் தோலில், பரு போன இடத்தில் கறுப்பு மச்சம் மாதிரி தங்கி, மறைய மாசக் கணக்காகும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். மூக்கைச் சுற்றி வரும் பருவைக் கிள்ளாதே, ஆபத்து என்று என் பாட்டி பயமுறுத்துவாள். அந்தப் பகுதியின் ரத்த நாளங்களுக்கு மண்டைக்குள் இருக்கும் நாளங்களோடு தொடர்பு உண்டு. அபூர்வமாகச் சீழ் உள்ளே ஏறிவிடும். பாட்டி எந்தக் காலேஜில் உடற்கூறு படித்தாளோ!

எல்லாருக்கும் வீட்டோடு முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். அவரைக்கொட்டை மாதிரி உள்ளே கட்டிகட்டியாக வலித்தால், குழி விழ ஆரம்பித்தால், பெண்களுக்கு மாதவிலக்குத் தவறிக்கொண்டே மேலுதட்டிலும் தாடையிலும் மயிர் முளைத்தால், உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஐஸோட்ரெட்டினாயின் என்று ஒரு மாத்திரை 1982 முதல் இருக்கிறது. கடுமையான பருவையும் அடக்கும். ஆனால் கர்ப்ப காலத்தில் சாப்பிட்டால் சிசுவுக்கு அங்கஹீனம் உண்டாக்கும். டாக்டரின் கண்காணிப்பில் தவிரத் தொடக்கூடாது. இன்னும் ஒன்று. பிள்ளை கண்ணாடியைத் திருப்பி வைத்தாலும், வெளியே வர மறுத்தாலும், பருக்கள் நாலே நாலாக இருந்தாலும், அது கடுமையான பருதான். எண்ணிக்கை பார்க்கிறவர் கண்ணுக்கு.

பன்னிரண்டாவது வாரத்தில் முகம் பளிங்காகிவிட்டது என்று எழுதினால் கதை அழகாக முடியும். ஆகவில்லை. முக்கால்வாசி போயிற்று, கறுப்புத் திட்டுக்கள் மங்க அந்த வருஷம் முழுவதும் ஆயிற்று. இடது கன்னத்தில் இரண்டு குழிகள் இன்றும் இருக்கின்றன. மார்கழியில் அந்த டியூபுக்குப் பின் வந்தவை. 2023 ஆகஸ்டில் சுதந்திர தினப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் கொடுத்தாள். பரிசு வரவில்லை. நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் இறங்காமல் பேசிக்கொண்டிருந்ததற்காக மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்களாம். பாப்பா நீதிபதிகளை வீடு வந்து சேரும்வரை வைதுகொண்டே வந்தாள். இரண்டு கையையும் வீசி வைதாள். கன்னத்துக்கு ஒரு கையும் போகவில்லை.

இப்போது கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிக் காலேஜில் படிக்கிறாள். போன மாசம் போன் செய்தாள். அறைத் தோழிக்கு முகமெல்லாம் பருவாம். எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்தாளாம். பிடுங்கி ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டேன் என்றாள். டாக்டரிடமும் அழைத்துப் போயிருக்கிறாள். அதெல்லாம் சரி, ஆனால் அந்தப் பெண் ராத்திரியில் அழுகிறாளாம்.

"பாட்டிகிட்டச் சங்கு கேட்டேன்னு சொல்லுங்க சித்தி. கல்லும் வேணும்."

"மருந்து பூசுகிற முகத்தில் அதையும் பூசாதே" என்றேன்.

"முகத்துக்கு இல்லை. கையில காலில எங்கேயாவது தடவி விடறேன். நீங்க அனுப்புங்க."

மாமியார் மறு பேச்சில்லாமல் பரணிலிருந்து சந்தனக் கல்லை இறக்கினார். அது உடையாமல் போய்ச் சேர வேண்டுமே என்று பழைய துணி தேடி, கடைசியில் அந்த வெளுத்துப்போன மெரூன் தலையணை உறையில் இரண்டையும் சுற்றி, கூரியர்காரனிடம் கொடுத்தார். எடை இரண்டரைக் கிலோ. கல்லுக்கா இத்தனை காசு கொடுத்து அனுப்புகிறீர்கள் என்று அவன் கேட்டான்.